பதினேழாம் குழாய்

அப்பாவுக்குச் சாப்பிட, எழுத, பூஜை செய்ய வலது கை. அடிக்க மட்டும் இடது கை. பிறவியிலேயே இடக்கைக்காரர்தான். சின்ன வயதில் அவருடைய அப்பா அந்தக் கையைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்து, வலது கையால் சோறு எடுக்கும்வரை முதுகில் பிரம்பால் போட்டிருக்கிறார். அப்படித்தான் சோறும் எழுத்தும் வலது கைக்கு மாறின. கோபத்தை மாற்றிக்கொள்ள யாரும் சொல்லவில்லை. அது இடது கையிலேயே தங்கிவிட்டது. எதிரே நிற்பவனுக்கு அந்த அடி எப்போதும் வலது கன்னத்தில் விழும்.

என் தம்பிக்கு வலது காது கேட்காது. பதினான்கு வயதில் கணக்குப் பரீட்சைத் தாளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தான். அப்பா கண்டுபிடித்து ஒரே ஒரு அறை விட்டார். தம்பி சமையலறை வாசலில் போய் விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிப் பள்ளிக்கூடச் சட்டையை நனைத்தது. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். பஞ்சால் ஒற்றிக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்: "டாக்டர் கேட்டா ஆத்துப் படியில விழுந்துட்டான்னு சொல்லணும். கேட்டியா?" நான் அப்படியே சொன்னேன். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், கரமனையில். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு. ஒரு வீட்டில் அடி விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு மாமி டி.வி. சத்தத்தைக் கூட்டுவாள், அவளால் முடிந்த மரியாதை அது. "அடியாத மாடு படியாது" என்பார் அப்பா, அடித்து முடித்துக் கை கழுவும்போது. ஆபீசில் அவர் பரம சாது. நீர்ப்பாசன ஆபீசில் சூப்ரண்டாக ரிட்டையர் ஆனவர், அங்கே பியூனைக்கூட 'நீ' என்று சொன்னதில்லையாம். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் பற்றி நாலு பேர் மலையாளத்தில் உருகி உருகிப் பேசினார்கள். தம்பி பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பாவிடம் வாங்கியதை எல்லாம் தம்பி முதுகில் இறக்கிவைப்பேன். கரண்டி, ஸ்கேல், சீப்பு, கைக்கு எது அகப்படுகிறதோ அது. அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். ஒரு தடவைகூடத் திருப்பி அடித்ததில்லை. வளர்ந்து, என்னைவிட ஒரு சாண் உயர்ந்து, ஊர்க்கோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான், அடித்தால் அப்படியே நிற்பான். எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். புருஷன் அடித்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் அந்த மனிதர் என்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை. நான்தான் அவர்மேல் இஸ்திரிப் பெட்டியை வீசினேன்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் அடிபட்ட கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். அது எனக்கு இப்படித்தான் புரிந்தது: எலெக்ட்ரானைப் பறிகொடுத்த ஒரு மூலக்கூறு சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதை அடித்து அதனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தது அதற்கு அடுத்ததை அடிக்கும். நடுவில் ஒன்று, அடியை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் நிற்கும்வரை இது ஓயாது. அப்படி நிற்பதற்கு ஆன்டி-ஆக்ஸிடென்ட் என்று பெயர். சிறுநீரகம் கெடக் கெட இந்த அடிதடி கூடும். அடிதடி கூடக் கூட சிறுநீரகம் இன்னும் கெடும். கல்லூரியில் முதல்முறை இதைப் படித்தபோது யாரோ எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரத்தத்தைச் சுற்றவிட்டால் மேலே தெளிந்த நீர் வரும். அதைக் குழாயில் எடுத்து, அமிலமும் மருந்தும் சேர்த்துக் கொதிக்கும் தண்ணீரில் வைக்க வேண்டும். அடிபட்ட கொழுப்பு இருந்தால் குழாய் இளஞ்சிவப்பாகும். எத்தனை சிவப்போ அத்தனை அடி. ஆரோக்கியமானவனின் குழாய் வெளிறிக் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும். ஆரோக்கியமானவன் ரத்தத்துக்கு நாங்கள் 'கன்ட்ரோல்' என்று சொல்வோம், அதுதான் குதிரைக்கொம்பு. நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். நன்றாக இருப்பவன் எதற்கு ஊசிக்குக் கையை நீட்டுவான்? அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம். கன்ட்ரோல் குறைந்தால் நாங்களே கையை மடித்துக்கொள்வோம். போதாவிட்டால் வீட்டிலிருந்து அண்ணன், தம்பி, புருஷன் என்று யாரையாவது பிடித்து வருவோம். என் தம்பியைப் பதினேழாம் எண்ணாகக் கொண்டுபோனேன். படிவத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

அப்பாவின் சிறுநீரகங்கள் சர்க்கரையில் போயின. டயாலிசிஸ் என்று முடிவானதும் கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும் என்றார்கள். முன்கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு இணைத்துத் தைத்துவிடுவார்கள். வாரம் மூன்று தடவை ஊசி இறங்குவது அதில்தான். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே விர்ர் என்று ஓடுவது தெரியும். அந்த அதிர்வு நின்றால் ஃபிஸ்டுலா செத்தது. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது, அதன்மேல் படுக்கக்கூடக் கூடாது. அதிகம் புழங்காத கையில் போடுவதுதான் முறை.

"ஏது கையாணு உபயோகிக்குந்நது?" என்று கேட்டார் சர்ஜன். எந்தக் கையை உபயோகிப்பீர்கள் என்று.

"வலது" என்றார் அப்பா.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சர்ஜன் இடது முன்கையில் பேனாவால் கோடு போட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் தம்பி நேந்திரம்பழ பஜ்ஜி, இங்கே பழம்பொரி என்பார்கள், இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அடி நின்றது. கோபம் நிற்கவில்லை. உப்பில்லாத ரசத்தைத் தட்டோடு தூக்கி எறிவார். வலது கைக்குக் குறி தெரியாது. தட்டு எங்கேயோ போய் விழும். "இது மனுஷா சாப்பிடற ரசமாடீ?" என்று கத்துவார். நானும் கத்துவேன். ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கி முற்றத்துக் கல்லில் போட்டு உடைத்தேன். கண்ணாடிச் சில்லு அவர் காலில் குத்தி ரத்தம் வந்தது. அதைத் தம்பிதான் துடைத்தான். துடைக்கும்போது கேட்கும் காதை அப்பா பக்கம் திருப்பிவைத்துக்கொண்டிருந்தான், அவர் ஏதாவது சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் டயாலிசிஸில் ஓடியது. அப்பா பாதியாக இளைத்தார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் பிழைப்பார், இல்லாவிட்டால் இப்படியே தேய்ந்துகொண்டு போவார் என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். எனக்கு அம்மாவின் ரத்தப் பிரிவு, சேராது. தம்பிக்கு அப்பாவின் பிரிவு.

"நான் குடுக்கறேன்க்கா" என்றான் தம்பி.

எனக்கு ஆத்திரம் வந்தது. "காதைக் குடுத்தது போறலையாடா?"

அவன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "அவர் அடிக்க முடியாத இடத்துல என்னோடது ஒண்ணு இருக்கட்டுமே" என்றான். அவனுக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பா அவனைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சிறுநீரகம் போனால் போகட்டும் என்று நினைத்தான். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பேப்பரை மடித்துவிட்டு, "இவனா? இவனுக்கே ஒழுங்கா ஒண்ணுக்குப் போகத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான்.

தம்பியைப் பரிசோதித்தார்கள். சிறுநீரகம் இரண்டும் முதல்தரம். கொழுப்பும் எடையும்தான் கொஞ்சம் கூட. இரண்டு மாதத்தில் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதற்குள் அப்பா தாங்குவாரா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. நான் தம்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கழக்கூட்டத்தில் ராத்திரி ஷிஃப்டு, பொரோட்டா, குழம்பு என்று ஊதிப்போன உடம்பு. விடியற்காலையில் எழுப்பி ஆற்றோரம் ஓடவிட்டேன். சட்டைப் பையில் பொரோட்டாக் கடை பில் அகப்பட்ட அன்று தோசைத் திருப்பியால் தோளில் இழுத்தேன். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை. தடம் சிவந்து நின்றது. "சாரமில்லக்கா" என்றான், பரவாயில்லை என்று.

எங்கள் கொல்லையில் ஓர் இரும்பன் புளி மரம் உண்டு. விரல் நீளத்துக்குப் பச்சைக் காய்கள், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். கடித்தால் கண் இருட்டும் புளிப்பு. பக்கத்துத் தெருக்காரர்கள் மீன் குழம்புக்குப் பறித்துக்கொண்டு போவார்கள். என்னோடு பஸ்ஸில் வரும் ஒரு சேச்சி, அந்தக் காயை அரைத்துச் சாறு குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்றாள். அவள் புருஷனுக்குக் கரைந்ததாம். படிக்காத ஒருத்தி இதைக் கேட்டிருந்தால் பாதி நம்பியிருப்பாள். நான் படித்தவள். புளிப்பு, அதனால் வைட்டமின் சி, அதனால் ஆன்டி-ஆக்ஸிடென்ட், அதனால் தம்பிக்கு அமிர்தம் என்று என் மண்டைக்குள் கோடு கோடாகக் கணக்குப் போட்டேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் வாரம் அரை டம்ளர். தம்பிக்கு முகம் கோணியது. "பல்லு கூசறதுக்கா." நான் விடவில்லை. வெறும் வயிற்றில், தண்ணீர் கலக்காமல், துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் வாயில் வைத்ததைத் தொட்டியில் துப்பினான். பளீரென்று கன்னத்தில் வைத்தேன். மறுபடி டம்ளரை நிரப்பி நீட்டினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்து முடித்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கொழுப்பு பார்ப்பதற்காக வீட்டிலேயே அவனுக்கு ரத்தம் எடுத்தேன். கொழுப்பை மட்டும்தான் பார்த்தேன். சிறுநீரகத்தைத்தான் முன்பே பார்த்தாயிற்றே, முதல்தரம் என்றார்களே. மிச்சமிருந்த ரத்தத்தை வழக்கப்படி என் குழாய் வரிசையில் பதினேழில் வைத்தேன். கொதிநீரிலிருந்து எடுத்தபோது மற்ற கன்ட்ரோல் எல்லாம் வெளிறி இருந்தன. பதினேழு மட்டும் சிவந்திருந்தது.

ரத்த அணு உடைந்தாலும் அந்தச் சிவப்பு வரும். ஊசியை அவசரமாக இழுத்தால் உடையும். நான் எதையும் அவசரமாகத்தானே செய்வேன். நோட்டில் பதினேழின்மேல் கோடு போட்டு, 'ரத்தம் உடைந்தது, தள்ளுக' என்று எழுதினேன். குழாயைக் கழிவு வாளியில் போட்டேன்.

கொழுப்பு பெரிதாக இறங்கவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு நடுவில் ஒரு தடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தோம். எனக்குப் பயம் வந்தது, எனக்குப் பயம் என்றால் அது ஆத்திரமாகத்தான் வெளியே வரும். அரை டம்ளர் ஒரு டம்ளர் ஆனது, காலையும் மாலையும். கொத்தோடு பறித்து மிக்ஸியில் போட்டு அடிப்பேன். அந்தச் சாறு மிக்ஸி ஜாரின் அடியில் பிடித்திருந்த துருக்கறையைப் போக்கிப் பளபளவென்று ஆக்கிவிட்டது. நல்ல சத்துள்ள சாறு என்று நினைத்தேன்.

அடுத்த தடவை பதினேழு இன்னும் சிவந்தது. நோயாளிகள் வரிசையில் வைத்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்காது. இந்தத் தடவை ஊசியை மெதுவாகத்தான் இழுத்திருந்தேன். ஆகவே மருந்து அளந்த பிப்பெட் சரியில்லை என்று முடிவு செய்து, பிப்பெட்டை மேசையில் அடித்தேன், நுனி தெறித்துப் போனது. எங்கள் ஆராய்ச்சித் தலைவி அந்தச் சத்தம் கேட்டு வந்தார். நோட்டைப் பார்த்தார்.

"இந்தப் பதினேழு ரெண்டு தடவையும் இப்படியா? ஒண்ணு நோக்கணே" என்றார், கொஞ்சம் கவனித்துப் பார் என்று. பாதித் தமிழ், பாதி மலையாளம், என்னோடு பேசும்போது அவர் அப்படித்தான் பேசுவார்.

"என் தம்பி மேடம். காளை மாதிரி இருக்கான்" என்றேன்.

கோடு போட்டேன். அந்தக் கோட்டை இப்போதும் நோட்டில் பார்க்கலாம். பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நாலு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை தம்பி கழக்கூட்டம் பைபாஸில் வண்டியோடு விழுந்தான். லாரி ஒன்று ஒரு முழத்தில் விலகிப் போயிருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போனபோது முழங்கை தோல் உரிந்து, முகம் வீங்கி, விக்கிக்கொண்டிருந்தான். தட்டு தட்டாக வாந்தி. அடிபட்டதால் அல்ல. மூன்று நாளாக விக்கலும் வாந்தியுமாம். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீரே போகவில்லையாம். என்னிடம் சொன்னால் சாறு குடிக்காமல் ஏமாற்றுகிறாய் என்று அடிப்பேனோ என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறான்.

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கிரியாட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு மாதம் முன்னால் ஒன்றுக்கும் கீழே இருந்தவன். அந்தத் தாளைக் கொண்டுவந்த டெக்னீஷியன் பெண்ணின் முகத்திலேயே கசக்கி எறிந்தேன். "குழாய் மாறிப்போச்சு. திரும்பப் போடு" என்று கத்தினேன். டியூட்டி டாக்டர் என் தோளைப் பிடித்தார், அவரைத் தள்ளினேன், அவர் மருந்துத் தட்டின்மேல் போய் விழுந்தார். செக்யூரிட்டி இரண்டு பேர் என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே போய் மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள். அதே ஒன்பது.

அப்போதுதான் பதினேழு ஞாபகம் வந்தது. சுவரில் முகம் அழுந்தியிருக்க, இரண்டு சிவப்புக் குழாயும் கண் முன்னால் நின்றன. அவன் ரத்தம் இரண்டு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறது. இரண்டு தடவையும் நான் அதை வாளியில் போட்டேன்.

சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். குழல்களுக்குள் அடைத்துக்கொண்டு, கற்கண்டைப் பொடித்துப் போட்டாற்போல் படிகங்கள் மின்னின. ஆக்ஸலேட். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இரும்பன் புளி ஜூஸ் குடிச்சோ?" இந்த ஊர் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் அதற்கு முன்பும் பலரிடம் கேட்டிருப்பார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா அந்தக் காயை நறுக்கித்தான் வெண்கலப் பானை தேய்ப்பாள். பச்சைக் களிம்பு விட்டு, பானை புதிது போல் ஆகும். சலவைக்காரர் வேட்டியில் துருக்கறை எடுக்க வாங்கிக்கொண்டு போவார். துருவை எடுப்பது ஆக்ஸாலிக் அமிலம். என் லேபில் அலமாரியின் மேல்தட்டில், மண்டையோடு படம் ஒட்டிய பாட்டிலில் அது இருக்கிறது. எத்தனை வருஷம் அந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறேன். பாட்டிலுக்குள் இருந்தால் விஷம் என்று தெரிகிறது. கொல்லையில் பச்சையாகத் தொங்கினால் தெரியவில்லை.

தம்பியின் கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் ஓரளவு மீளும் என்றார் டாக்டர். பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கொடுப்பது இனி ஒருக்காலும் நடக்காது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மறைக்கத் தெரியாது. மரம், மிக்ஸி, டம்ளர், துப்பினதற்கு நான் அறைந்தது, குழாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்குக் கிடைக்கவிருந்த சிறுநீரகம் போய்விட்டது, அதற்காகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"குழந்தைக்கு விஷத்தைக் குடுத்தியாடீ?" என்றார்.

குழந்தை என்று அவர் தம்பியைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் இடது கை எழுந்துவிட்டது.

இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த கை. முதல் அடி என் வலது கன்னத்தில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. "அவன் என்னடீ பண்ணினான் உனக்கு? என்ன பண்ணினான்?" இரண்டாவது அடி காதோடு விழுந்தது. பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் கூடியது. அப்பாவை நான் தடுத்திருக்கலாம். நோஞ்சான் உடம்பு, ஒரு தள்ளு தள்ளினால் விழுந்திருப்பார். "மதி அப்பா, கை, கை" என்று மட்டும் சொன்னேன். போதும் என்றேன். அந்தக் கையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்க்கவில்லை. மூன்றாவது அடி வந்தபோது என் தலை தானாகக் கீழே போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம். அவருடைய முன்கை முழு வேகத்தில் கதவு நிலையில் மோதியது.

எலும்பு மோதிய சத்தம் கேட்டது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். தையல் தழும்பைச் சுற்றிக் கண்ணெதிரே வீங்கி, நாவற்பழ நிறமாகிக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். விர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் போகும்போது லேசானது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஐஸ் வைத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், உறைந்துவிட்டது என்றார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். என் உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்துப் படியில விழுந்துட்டார்" என்றேன்.

அப்பாவுக்கும் கழுத்தில் குழாய் போட்டார்கள். மறுநாள் டயாலிசிஸ் வார்டில் இடம் போதவில்லை. நர்ஸ் ஒருத்தி, "அச்சனும் மோனும் அடுத்தடுத்து கிடக்கட்டே" என்று அப்பா, பிள்ளை இரண்டு பேர் கட்டில்களையும் சேர்த்துப் போட்டாள். ஒரே மாதிரிக் குழாய், கழுத்தில் ஒரே பக்கத்தில். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இடது கையில் முழங்கைவரை கட்டு. தம்பியின் முகத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. நான் அவனுடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக வந்திருந்தேன், அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதே இல்லை. உதடு வேறு தைத்திருந்தது.

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அப்பாவா?" என்றான்.

தலையாட்டினேன்.

"எந்தக் கை?"

"இடது."

அவன் கண் அப்பாவின் கட்டுக்குப் போனது. அந்தக் கையில் இருந்தது என்ன, போனது என்ன என்று அவனுக்குத் தெரியும். "அது ஃபிஸ்டுலா கையாச்சேக்கா. அவருக்குத் தெரியாதா? எதுக்கு அடிச்சார்?"

"உனக்காகத்தான்" என்றேன். "குழந்தைக்கு விஷத்தைக் குடுத்தியான்னு கேட்டு அடிச்சார்."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி அப்பா பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை என் பக்கம் திருப்பி, "கேக்கலக்கா. இன்னொரு தரம் சொல்லு" என்றான்.

நான் நின்றிருந்தது அவனுக்குக் கேட்கும் காதுப் பக்கம்தான். குனிந்து இன்னொரு தரம் சொன்னேன்.